தலைக்கு டிகாஷன் ஊற்றினால் முடி வளருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபில்டரின் மேலடுக்கில் தங்கிய பொடியைக் குப்பையில் தட்டப் போன என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தி தடுத்தார். "கொட்டாதே, இன்னொரு தரம் வெந்நீர் ஊற்றி இறக்கி வை. தலைக்கு ஊற்றினால் முடி காடாக வளருமாம்." அவர் அதை ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். எனக்கு அப்போது சீப்பில் கொத்துக் கொத்தாக வந்துகொண்டிருந்தது, அதனால் மறுபேச்சு பேசவில்லை. ஆறு மாதம் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே இதைப் பற்றிக் கொஞ்சம் படிக்கவும் செய்தேன். அதன் பிறகு உறவுக்காரர்களும் அலுவலகத் தோழிகளும் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வளருமா, வளராதா?

வாரம் ஒரு முறை ஊற்றி, கால் மணி நேரம் வைத்து, அலசிவிடுகிற டிகாஷன் புது முடியை முளைக்க வைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முடி பளபளக்கும், கொஞ்சம் தடிப்பாகத் தெரியும், கருப்பு சற்றுக் கூடினாற்போல இருக்கும். அவ்வளவுதான். ஆனால் காபியில் உள்ள காஃபின் என்ற பொருளைப் பற்றிக் கேட்டால் பதில் இத்தனை சுருக்கமாக முடியாது. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

காஃபின் முடியை வளர்க்கும் என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்களாமே?

ஓரளவுக்குச் சொன்னார்கள். ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர்கள் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரம்பரை வழுக்கை உள்ள ஆண்களின் உச்சந்தலையிலிருந்து 14 சிறு தோல் மாதிரிகளை எடுத்து, அதிலுள்ள மயிர்க்கால்களைத் தனித்தனியாகப் பிரித்து, சத்து நீரில் 5 முதல் 8 நாள் வரை வளர்த்தார்கள். அந்த நீரில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சேர்த்ததும் வளர்ச்சி தடைப்பட்டது. அதோடு 0.001 அல்லது 0.005 சதவீதம் காஃபின் சேர்த்தபோது அந்தத் தடை விலகியது.

ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் எங்கே நடந்தது என்று பாருங்கள். மயிர்க்கால் தலையில் இல்லை, கிண்ணத்தில் இருந்தது. இரவும் பகலும் காஃபினிலேயே மிதந்தது. நம் தலையில் அது தோலுக்கு அடியில், எண்ணெய்ப் பசைக்கும் செத்த தோல் அடுக்குக்கும் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. கிண்ணத்தில் நடந்தது மண்டையிலும் நடக்கலாம் என்று சந்தேகப்பட இந்த ஆய்வு போதும். நடக்கும் என்று சொல்லப் போதாது.

ஒரு கொசுறு: காபிக்கொட்டையிலிருந்து காஃபினை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ரூங்கே என்ற இளம் வேதியியலர், 1819-ல். கொட்டைகளைக் கையில் கொடுத்து ஆராயச் சொன்னவர் கவிஞர் கதே. அந்தச் சந்திப்பு நடந்த ஊரும் யேனாதான்.

மனிதர்களின் தலையில் சோதித்ததே இல்லையா?

சோதித்திருக்கிறார்கள். காஃபின் உள்ளே போகிறதா என்பதில் சந்தேகம் இல்லை: ஷாம்பூவில் கலந்த காஃபின் 2 நிமிடத்திலேயே மயிர்க்கால் துவாரம் வழியாக இறங்குவதை பெர்லின் ஆய்வாளர்கள் 2007-ல் காட்டினார்கள். எவ்வளவு போகிறது, எத்தனை நேரம் தங்குகிறது, தங்கி முடியை வளர்க்கிறதா என்பவைதான் மிச்சக் கேள்விகள்.

2017-ல் வந்த ஆய்வு நம் நாட்டில் நடந்தது. வழுக்கை விழத் தொடங்கிய 210 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 0.2 சதவீதக் காஃபின் திரவமும் மற்றதற்கு வழுக்கைக்கு வழக்கமாகத் தரும் மருந்தான மினாக்ஸிடிலை 5 சதவீத அளவிலும் கொடுத்தார்கள். 6 மாதம் கழித்து, வளரும் பருவத்தில் உள்ள முடிகளின் விகிதம் காஃபின் பிரிவில் 10.59 சதவீதமும் மினாக்ஸிடில் பிரிவில் 11.68 சதவீதமும் கூடியிருந்தது. கிட்டத்தட்ட சமம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெறும் தண்ணீரைத் தடவிய மூன்றாவது பிரிவு ஒன்று ஒப்பிட இல்லை. யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆய்வுக்குப் பண உதவி செய்தது காஃபின் திரவத்தைத் தயாரிக்கும் கம்பெனியே. அதற்காக முடிவைத் தூக்கி எறிய வேண்டாம், தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம்.

அதே கம்பெனியின் அல்பெசின் ஷாம்பூ முடி கொட்டுவதைக் குறைக்க உதவும் என்று பிரிட்டனில் விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2018-ல் தடுத்துவிட்டது.

நம் வீட்டு டிகாஷனில் எவ்வளவு காஃபின் இருக்கும்?

இந்தக் கணக்கைப் போடும் வரை நானும் 'வீட்டு டிகாஷன் ரொம்ப லேசு, அதனால்தான் வேலை செய்யாது' என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. அராபிகா கொட்டையில் காஃபின் ஏறத்தாழ 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் ஏறத்தாழ 2.2 சதவீதம். 20 கிராம் அராபிகாப் பொடியில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கும். அதில் பெரும்பகுதி 100 மில்லி டிகாஷனில் இறங்கிவிட்டால், மேலே சொன்ன 0.2 சதவீதத்தை எட்டிப் பிடித்துவிடும். கள்ளிச்சொட்டு டிகாஷன் அந்த வகையில் சளைத்ததல்ல.

ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது சிக்கரி. நம் ஊர்க் கலவைப் பொடியில் 20, 30, 40 சதவீதம் வரை சிக்கரி இருக்கும். விதிப்படி காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மீதி சிக்கரியாக இருந்தாலும் தப்பில்லை. சிக்கரி ஒரு கிழங்கு வேர், அதில் காஃபின் துளியும் கிடையாது. டிகாஷன் கரேலென்று கெட்டியாக இறங்குவதில் சிக்கரிக்கும் பங்கு உண்டு, ஆகவே நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டாவது, சித்தி சொன்ன முறை. ஒரு தரம் இறக்கிய பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் வருவது பெரும்பாலும் நிறம்தான். காஃபின் எளிதில் கரையும், பெரும்பகுதி முதல் டிகாஷனோடு போய் அதை நாம் குடித்தும் ஆகிவிட்டது.

சரி, சிக்கரி கலக்காத பொடி, முதல் டிகாஷன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆய்வில் தந்த திரவம் தலையிலேயே விட்டுவைப்பதற்கென்று தயாரானது, அதைத் தொடர்ந்து ஆறு மாதம் தடவினார்கள். நாம் வாரத்துக்கு ஒரு நாள் ஊற்றி, பதினைந்து நிமிடத்தில் குழாயைத் திறந்துவிடுகிறோம். டிகாஷனில் குறை இல்லை, குறை அலசுவதில்தான். அலசாமல் விட முடியுமா என்றால் அதுவும் முடியாது. பிசுபிசுக்கும், நாறும், தலையணை உறை வீணாகும்.

என் அக்கா ஊற்றினாள், ஒரே மாதத்தில் கொட்டுவது நின்றுவிட்டதே?

நின்றிருக்கும், நம்புகிறேன். ஆனால் காபியால்தான் நின்றது என்று எப்படிச் சொல்வது?

அக்காவுக்கு அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு டெங்கு, டைபாய்டு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பிரசவம், அறுவை சிகிச்சை, சோற்றை அடியோடு நிறுத்திய டயட், வீட்டில் ஒரு சாவு, இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். தலைமுடி ஒவ்வொன்றுக்கும் வளரும் பருவம் 2 முதல் 6 வருடம், பிறகு சில வாரம் வளர்ச்சி ஒடுங்கும் காலம், அதற்கப்புறம் சுமார் 3 மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் உதிர்ந்து, அதே இடத்தில் புதியது முளைக்கும். உடம்புக்குப் பெரிய அடி விழும்போது ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. மூன்று மாதம் கழித்து அத்தனையும் சேர்ந்து கொட்டும். காய்ச்சல் வந்ததே அதற்குள் மறந்து போயிருக்கும்.

நம் வீடுகளில் 'குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும்' என்பார்கள். குழந்தையின் சிரிப்புக்கும் கூந்தலுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் மாதக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. அந்தப் பாட்டிகள் கவனித்தது சரி, காரணம்தான் வேறு.

இப்படிக் கொட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்றுவிடும். பிரசவம் என்றால் குழந்தையின் முதல் பிறந்தநாள் வாக்கில் சரியாகும். யாரும் கொட்டத் தொடங்கிய முதல் நாளே வைத்தியம் தேடுவதில்லை. உச்சத்துக்குப் போய், பயந்து, அப்போதுதான் காபி, வெங்காயம், வெந்தயம் என்று இறங்குகிறோம். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் குறையத்தான் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். என் கதையும் இதுவே. எனக்கு அந்த வருடம் ஆடியில் டெங்கு, ஐப்பசியில் முடி கொட்டியது, டிகாஷனைத் தொடங்கியது கார்த்திகையில்.

உதிர்ந்த முடியின் அடியில் வெள்ளையாக ஒரு முனை இருக்கிறது. வேரோடு போய்விட்டதா?

இல்லை, நிம்மதியாக இருங்கள். அந்தக் குட்டி வெள்ளை முண்டு ஓய்வுப் பருவம் முடித்து உதிர்ந்த முடியின் அடையாளம். மயிர்க்கால் தலையிலேயே இருக்கிறது, அங்கிருந்து இன்னொன்று வரும். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது, ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது சாதாரணம். வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு அந்த ஒரு நாளில் கொத்தாக வந்து வயிற்றைக் கலக்கும்.

முண்டே இல்லாமல் பாதியில் முறிந்த துண்டுகளாக வந்தால் அது கொட்டுவதல்ல, உடைவது. அதற்குப் பார்க்க வேண்டியது சீப்பு, ஸ்ட்ரெய்ட்னர், இறுக்கிப் போட்ட ரப்பர் பேண்ட்.

பரவாயில்லை, ஆசைக்கு ஊற்றிப் பார்க்கிறேன். எப்படிச் செய்வது?

தாராளமாக. நான் செய்தது இது. சிக்கரி கலக்காத பொடி நாலு ஸ்பூன், ஒரு டம்ளர் கொதிநீர், ஃபில்டரில் இறக்கி முழுக்க ஆற விடுங்கள். 'முழுக்க' என்பதை அழுத்திச் சொல்கிறேன், உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிவது உச்சந்தலைக்குச் சுடும். துணியில் ஒரு முறை வடிகட்டுங்கள்.

முதல் முறையானால் முந்தின நாள் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவிப் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ விட்டுவிடுங்கள். ஒன்றுமில்லை என்றால், சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்த பிறகு டிகாஷனை வகிடு வகிடாகத் தலைத்தோலில் படும்படி ஊற்றி விரல் நுனியால் தேயுங்கள், நகத்தால் வேண்டாம். கூந்தல் நுனிக்கு ஊற்றுவது அழகுக்கு மட்டும். வெளியே தெரியும் முடி உயிரற்றது, அதில் எதை ஊற்றினாலும் வளராது. கால் மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசிவிடலாம். வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை போதும்.

பழைய துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டு வெள்ளைத் துண்டு ஒன்று இப்போது தரை துடைக்கப் போய்விட்டது. குளியலறையில் வெளிர் நிற டைல்ஸ் இருந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், காய்ந்தால் கறை பிடிக்கும். மீதி டிகாஷனை வெளியில் வைக்காதீர்கள், நம் ஊர் வெக்கையில் மறுநாளே புளித்த வாடை வரும். அவ்வப்போது புதிதாக இறக்கிக்கொள்வதுதான் உத்தமம்.

பொடியையே தேங்காயெண்ணெயில் குழைத்துத் தேய்க்கலாமா?

வேண்டாம். பொடி சொரசொரப்பானது, தலைத்தோலைக் கீறும். அது முடிக்குள்ளிருந்து போக நாலு முறை அலச வேண்டும், அந்தத் தேய்ப்பிலேயே இன்னும் நாலு முடி வரும். பிறகு எண்ணெயும் பொடியும் முடியும் சேர்ந்து வடிகாலில் களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும். அதைக் குனிந்து எடுக்கிற வேலை யாருக்கு என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பளபளப்பு மட்டும் எப்படி வருகிறது?

காபி லேசான அமிலம், அதன் அமில அளவு 5 பிஎச் வாக்கில். சோப்பு போன்ற காரப் பொருள் முடியின் மேல் செதில்களைத் தூக்கிவிடும், அமிலம் அவற்றைப் படிய வைக்கும். படிந்த முடியில் வெளிச்சம் பட்டு மினுக்கும். புளித்த மோரும் எலுமிச்சைத் தண்ணீரும் செய்கிற அதே வேலைதான். மேலே காபிச் சாயம் ஒரு பூச்சாக ஒட்டிக்கொள்வதால் முடி சற்றுத் தடித்தது போலவும் தோன்றும்.

நரை மறையுமா?

மறையாது, மங்கும். வெள்ளை முடி லேசாகப் பழுப்பேறும், இரண்டு மூன்று குளியலில் வெளுத்துவிடும். மருதாணிப் பொடியை டிகாஷனில் கரைத்து இரும்பு வாணலியில் ஒரு ராத்திரி ஊற வைக்கும் பழைய பழக்கம் இதைவிடத் தேவலை, நிறம் நிற்பது மருதாணியால். ஒரேயடியாக நரைத்த தலையில் வெறும் டிகாஷனை ஊற்றினால் செம்பட்டை அடித்தாற்போல் ஆகிவிடலாம்.

பொடுகு, புழுவெட்டுக்குக் கேட்குமா?

பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற பூஞ்சை. அதற்கு கீட்டோகோனசோல் ஷாம்பூ மாதிரியானவை நன்றாகக் கேட்கும். பொடுகு அரித்துப் புண்ணான தலையில் காபி ஊற்றினால் எரிச்சல்தான் மிச்சம்.

புழுவெட்டு வேறு சங்கதி. காசு அளவுக்கு வட்டமாக முடி போய்ப் பளபளவென்று தோல் தெரிந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது என்று பொருள். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. பலருக்குத் தானே முளைத்துவிடும், சிலருக்குப் பரவும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலையில் ஊற்றுவதை விடுங்கள், நிறையக் குடித்தால் நல்லதா?

இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கப் காபி அந்தச் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. 1983-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தக் குறைவு 39 சதவீதம், டீயில் 64 சதவீதம். இரும்புச்சத்துக் குறைவு முடி கொட்ட ஒரு முக்கியக் காரணம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே காபியை உறிஞ்சும் நம் பழக்கத்தை மாற்றி, காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்து முடித்தாலே தலைக்கு ஊற்றுவதைவிடப் பிரயோஜனம் இருக்கும் என்பது என் கட்சி. சித்தி இதை ஒப்புக்கொள்ளவில்லை. இட்லிக்குக் காபி இல்லாமல் எப்படி என்கிறார்.

கர்ப்பமாக இருக்கும்போது ஊற்றலாமா? தூக்கம் கெடுமா?

ஊற்றி அலசுவதில் உள்ளே போவது சொற்பம், தூக்கம் கெடாது. கர்ப்பிணிகள் கவலைப்பட வேண்டியது குடிக்கும் காபியின் அளவைப் பற்றி. அந்த வாசமே குமட்டினால் தலைக்கும் வேண்டாம்.

அப்படியானால் உண்மையில் என்னதான் செய்வது?

எப்படிக் கொட்டுகிறது என்று முதலில் பாருங்கள். தலை முழுக்கப் பரவலாகக் கொட்டினால் மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள். ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதிப்பது நல்லது. நான் ஆறு மாதத்துக்கு வாங்கிய காபிப்பொடிக் காசில் இவற்றில் ஒன்றிரண்டு முடிந்திருக்கும்.

ஆண்களுக்கு முன்நெற்றி மேலேறி உச்சியில் சொட்டை விழுந்தாலோ, பெண்களுக்கு வகிடு வருடா வருடம் அகலமானாலோ அது பரம்பரை வகை. மயிர்க்கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும், தானாக நிற்காது. இதற்கு நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். ரத்த அழுத்த மருந்தாகப் பிறந்து, 1988-ல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி பெற்ற மினாக்ஸிடில் இன்றைக்கும் முதல் வரிசை மருந்து. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், முதல் சில வாரம் கொட்டுவது கூடியது போலவும் இருக்கும், நிறுத்தினால் வந்ததும் போய்விடும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடக் கூடாது. மற்றவர்களும் மருந்துக்கடையில் வாய்க்கு வந்ததைக் கேட்டு வாங்காமல் டாக்டரைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

காபி எனக்கு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணாடியை நம்பாதீர்கள், நாம் பார்க்க விரும்புவதையே அது காட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு, ஒரே ஜன்னலடி, ஒரே நேரம், காய்ந்த தலை, ஒரே இடத்தில் வகிடு எடுத்துப் போட்டோ பிடியுங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் வளரும், அதனால் ஆறு மாதத்துக்கு முன் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

என் போனில் அந்த ஆறு படங்களும் இருக்கின்றன. மூன்றாவது படத்தில் வகிட்டின் இரு பக்கமும் குட்டிக் குட்டி முடிகள் புல் மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. சித்திக்குக் காட்டினேன், "பார்த்தாயா, காபி!" என்றார். ஒரே வாரத்தில் டெங்கு வந்து படுத்த என் அண்ணனைக் கூப்பிட்டு அவன் தலையையும் காட்டினேன். அவன் தலையிலும் அதே புல். அவன் காபியைக் குடிக்கக்கூட மாட்டான், பூஸ்ட் ஆள்.